ஐந்து பதிப்பகங்கள் கைவிரித்தன, பாரிஸ் கைகொடுத்தது, சிக்கலும் அங்கேதான்! நபகோவின் கையெழுத்துப்பிரதி நாடு நாடாக அலைந்த கதை

1954-ம் ஆண்டு. அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் இலக்கியம் நடத்திக்கொண்டிருந்த ஒரு பேராசிரியர், ஒரு நாவலை எழுதி முடித்துவிட்டுத் தவித்துக்கொண்டிருந்தார். புத்தகத்தில் தன் பெயர் இருக்கக் கூடாது, யார் எழுதியது என்று வெளியே கசியவும் கூடாது என்பது அவருடைய நிபந்தனை. கசிந்தால் வேலை போய்விடும் என்ற பயம். நியூயார்க்கின் ஐந்து பதிப்பகங்கள் வாங்கிப் படித்துப் பார்த்தன. ஐந்துமே வேண்டாம் என்று திருப்பிக் கொடுத்துவிட்டன.

நான்கு ஆண்டுகள் கழித்து, 1958 ஆகஸ்ட்டில் அதே நாவல் அமெரிக்காவில் வெளியானது. மூன்றே வாரங்களில் ஒரு லட்சம் பிரதிகள் காலி. நாவலின் பெயர் 'லோலிடா'. அந்தப் பேராசிரியர் விளாதிமிர் நபகோவ்.

நடுவில் கதை திருத்தப்பட்டதா, சர்ச்சைக்குரிய பகுதிகள் நீக்கப்பட்டனவா என்றால், இல்லை. கையெழுத்துப்பிரதி அட்லான்டிக் கடலைத் தாண்டி பாரிஸ் போய், புத்தகமாகத் திரும்பி வந்தது, அவ்வளவுதான். அந்த ஒரு பயணத்துக்கு நபகோவ் கொடுத்த விலைதான் பெரிது. இன்று கதையை ஒரே இ-மெயிலில் லண்டன், நியூயார்க், டெல்லி என்று மூன்று ஊர் ஏஜென்ட்களுக்கும் அனுப்பிவிடலாம் என்று நினைப்பவர்கள் இந்த மனிதரின் வாழ்க்கையை ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

முதலில், ஏஜென்ட் என்பவர் யார்?

தமிழில் பெரும்பாலும் எழுத்தாளரே பதிப்பாளரிடம் பேசிவிடுவார். ஆங்கிலப் பதிப்புலகில் அப்படி இல்லை. பெரிய பதிப்பகங்கள் பலவும் எழுத்தாளர் நேரடியாக அனுப்பும் பிரதியைப் பிரித்துக்கூடப் பார்ப்பதில்லை. இடையில் இலக்கிய ஏஜென்ட் ஒருவர் இருப்பார். எந்தப் பதிப்பாசிரியருக்கு எந்த மாதிரிக் கதை பிடிக்கும் என்று அவருக்குத் தெரியும். பிரதியை அவர் அனுப்புவார், விலை பேசுவார், ஒப்பந்தத்தைப் படிப்பார். எழுத்தாளருக்கு வரும் பணத்தில் ஒரு பங்கு அவருக்கு. நபகோவ் காலத்தில் 10 சதவீதம் வழக்கம். இப்போது உள்நாட்டு விற்பனைக்கு 15, வெளிநாட்டுக்கு 20 சதவீதம் என்பது பரவலான கணக்கு.

இதில் இன்னொரு விஷயம் உண்டு. ஒரு புத்தகத்தின் உரிமை என்பது ஒற்றைப் பொருள் இல்லை. தமிழ்ப் படத்தை செங்கல்பட்டு, கோவை, மதுரை என்று ஏரியா ஏரியாவாக விற்பார்கள் இல்லையா? அதுபோல ஆங்கில நூலின் உரிமையை அமெரிக்காவுக்குத் தனியாக, பிரிட்டனுக்குத் தனியாக, ஒவ்வொரு மொழிபெயர்ப்புக்கும் தனியாக விற்கலாம். அவசரத்தில் எல்லா ஏரியாவையும் ஒரே ஆளுக்கு எழுதிக் கொடுத்துவிட்டால் என்ன ஆகும்? 'லோலிடா'வுக்கு அதுதான் ஆனது.

மூன்று மொழி இருந்தது, நாடு இல்லை

நபகோவ் 1899-ல் ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில், பெரும் பணக்காரக் குடும்பத்தில் பிறந்தவர். வீட்டில் ரஷ்யன், ஆங்கிலம், பிரெஞ்சு மூன்றும் புழங்கின. ரஷ்ய எழுத்துகளைக் கற்பதற்கு முன்பே பையன் ஆங்கிலம் படிக்கத் தொடங்கிவிட்டான். அப்பா தாராளவாத அரசியல்வாதி, யூத வெறுப்பை வெளிப்படையாக எதிர்த்தவர்.

1917 புரட்சி எல்லாவற்றையும் அடித்துக்கொண்டு போனது. 1919-ல் குடும்பம் கிரைமியாவிலிருந்து கப்பலேறியது. நபகோவ் அதன்பின் ரஷ்யாவைப் பார்க்கவே இல்லை. பிரிட்டனின் கேம்பிரிட்ஜில் படித்தார். படிப்பு முடியும் தறுவாயில், 1922 மார்ச்சில், பெர்லினில் நடந்த ஒரு கூட்டத்தில் அப்பா சுட்டுக் கொல்லப்பட்டார். குறி அவருக்கு வைக்கப்பட்டதல்ல. தன்னோடு இருந்த இன்னொரு தலைவரைக் காப்பாற்றப் பாய்ந்தபோது குண்டு அவர்மீது பாய்ந்தது.

பெர்லினிலேயே நபகோவ் தங்கினார். டென்னிஸ் சொல்லிக்கொடுத்தார், ஆங்கிலப் பாடம் எடுத்தார், ரஷ்யப் பத்திரிகைகளுக்குக் குறுக்கெழுத்துப் புதிர் தயாரித்தார். அப்பாவும் எழுதியவர் என்பதால் பெயர்க் குழப்பம் வரக் கூடாதென்று 'சிரின்' என்ற புனைபெயரில் கதைகள் எழுதினார். 1925-ல் வேரா ஸ்லோனிமைத் திருமணம் செய்துகொண்டார்.

சிரின் என்ற பெயர் சீக்கிரமே பெரிய பெயரானது. ஆனால், எவ்வளவு பெரிது? நாட்டைவிட்டு வெளியேறிய ரஷ்யர்கள் பெர்லினிலும் பாரிஸிலும் இருந்தார்கள். அவர்கள் மட்டுமே வாசகர்கள். சோவியத் யூனியனில் அவர் எழுத்துக்குத் தடை. கோடிக்கணக்கானோர் பேசும் மொழியில் எழுதிக்கொண்டு, ஒரு சின்ன ஊரின் மக்கள்தொகைக்கு எழுதுவது போன்ற நிலைமை. 1933-ல் ஹிட்லர் வந்த பிறகு அந்தக் கூட்டமும் கலையத் தொடங்கியது. வேரா யூதர். அதற்கு மேல், அப்பாவைக் கொன்றவர்களில் ஒருவன், ரஷ்ய அகதிகளைக் கவனிக்கும் நாஜி அலுவலகத்தில் பதவிக்கு வந்துவிட்டான்.

பிழைக்க வேண்டுமென்றால் வேறு நாட்டில், வேறு மொழியில் புத்தகம் விற்றாக வேண்டும். வெளிநாட்டு ஏஜென்ட்களை நபகோவ் நாடியது இலக்கிய ஆசையால் மட்டுமல்ல. அதில் வீட்டு வாடகையும் இருந்தது, உயிரும் இருந்தது.

லண்டன் கற்றுக்கொடுத்த பாடம்

முதலில் கைகொடுத்தது லண்டன். அவருடைய ரஷ்ய நாவல் ஒன்று 1936-ல் 'கேமரா அப்ஸ்க்யூரா' என்ற பெயரில் அங்கே ஆங்கிலத்தில் வந்தது. மொழிபெயர்த்தவர் வேறொருவர். வாக்கியங்கள் தளர்ந்து, துல்லியம் போய், தன் நாவலே தனக்கு அந்நியமாகத் தெரிகிறது என்று நபகோவ் நொந்துபோனார். பதிப்பகமும் பொருத்தமானதல்ல. மலிவு விலை த்ரில்லர்களுக்குப் பெயர்போன இடம்.

அடுத்த நாவலை, 'டெஸ்பேர்', தானே ஆங்கிலத்தில் மொழிபெயர்த்துக் கொடுத்தார். 1937-ல் அதே பதிப்பகம் வெளியிட்டது. சரியாக விற்கவில்லை. விற்காமல் கிடங்கில் கிடந்த பிரதிகளைப் போர்க்காலத்தில் ஒரு ஜெர்மன் குண்டு சாம்பலாக்கியது. ஜெர்மனியிலிருந்து தப்பிக்க எழுதிய புத்தகத்துக்கு ஜெர்மனியே கொள்ளி வைத்தது.

அதே காலத்தில் நியூயார்க்கில் அவருக்கு ஒரு ஏஜென்ட் கிடைத்திருந்தார். பெயர் அல்டாகிராசியா டி ஜனெல்லி. ஆண்டுக்கணக்கில் கடிதத்திலேயே நடந்த உறவு அது. அந்த அம்மா லேசில் விடுபவர் இல்லை. அமெரிக்காவில் யாருமே கேள்விப்படாத, பெர்லினில் வாழும் ஒரு ரஷ்யரின் நாவல்களைப் பதிப்பகம் பதிப்பகமாக அனுப்பிக்கொண்டே இருந்தார். திரும்பி வரும், மறுபடி அனுப்புவார். அமெரிக்க வாசகர்களுக்குப் பிடித்த மாதிரி, காலத்துக்கு ஏற்ற மாதிரி எழுதக் கூடாதா என்று இவரிடமும் நச்சரித்தார். நபகோவ் மசியவில்லை.

கடைசியில் ஒரு வெற்றி. இண்டியானாபொலிஸ் நகரின் பாப்ஸ்-மெரில் பதிப்பகம், லண்டனில் வந்த அந்த முதல் நாவலை வாங்கியது. பழைய மொழிபெயர்ப்பை நபகோவ் தூக்கிப்போட்டார். பாத்திரங்களின் பெயர்களை மாற்றி, பல இடங்களைத் திரும்ப எழுதி, 'லாஃப்டர் இன் த டார்க்' என்று புதுப் பெயர் வைத்தார். 1938-ல் வந்தது. அதுவும் விற்கவில்லை! ஜனெல்லி இன்று யாருக்கும் நினைவில்லாத பெயர். ஆனால், அமெரிக்கா என்ற கதவில் நபகோவின் பெயரை முதலில் எழுதிவைத்தவர் அவர்தான்.

குளியலறையில் ஒரு மொழி மாற்றம்

1937-ல் குடும்பம் ஜெர்மனியைவிட்டு பிரான்ஸுக்குப் போனது. மகன் திமித்ரி குழந்தை. பாரிஸில் ஒற்றை அறை வீடு. குழந்தை விளையாடுவதற்காக அறையை விட்டுக்கொடுத்துவிட்டு, குளியலறையில் ஒரு பெட்டியைக் குறுக்கே வைத்து, அதையே மேசையாக்கி நபகோவ் எழுதினார். நேரடியாக ஆங்கிலத்தில் அவர் எழுதிய முதல் நாவல் அப்படித்தான் பிறந்தது. பெயர் 'தி ரியல் லைஃப் ஆஃப் செபாஸ்டியன் நைட்'.

ரஷ்யனில் ஒன்பது நாவல்கள் எழுதி, அந்த மொழியின் உச்சியில் இருந்தவர், 40 வயதில் அதை விட்டுவிட்டு இன்னொரு மொழியில் புதுமுகமாக வரிசையில் நிற்கிறார். இதை வெறும் திறமைக் கதையாகச் சொல்வது சரியில்லை. இது ஓர் இழப்பு. அவரே வாழ்நாள் முழுக்க அதை அப்படித்தான் கருதினார்.

1940 மே மாதம் பிரான்ஸிலிருந்து கப்பல். டிக்கெட்டுக்குப் பணமில்லை. யூத அகதிகளுக்கு உதவும் அமைப்பு ஒன்று கைகொடுத்தது. அப்பா அந்தக் காலத்தில் யூதர்களுக்காகக் குரல் கொடுத்தாரே, அதற்கான நன்றிக்கடன். மே 28-ல் நியூயார்க்கில் இறங்கினார்கள். மூன்று வாரங்களுக்குள் ஜெர்மன் படை பாரிஸில் நுழைந்துவிட்டது.

குளியலறை நாவலை 1941-ல் 'நியூ டைரக்‌ஷன்ஸ்' என்ற சிறிய அமெரிக்கப் பதிப்பகம் வெளியிட்டது. விமர்சகர் எட்மண்ட் வில்சனின் நட்பு கிடைத்தது, அவர் வழியாகப் பத்திரிகைகள் கிடைத்தன. பட்டாம்பூச்சி ஆராய்ச்சி ஒருபக்கம், கல்லூரி வேலை ஒருபக்கம் என்று ஓடி, 1948-ல் கார்னெலில் நிலையான வேலை. ஒருவழியாக வாழ்க்கை நிலைத்தது.

எரியவிருந்த காகிதங்கள்

அங்கேதான் 'லோலிடா' வளர்ந்தது. கோடை விடுமுறையில் வேரா கார் ஓட்ட, பட்டாம்பூச்சி பிடிக்க அமெரிக்கா முழுக்கச் சுற்றுவார்கள். கிடைத்த நேரத்தில் நபகோவ் சின்னச் சின்ன அட்டைகளில் எழுதுவார். 12 வயதுச் சிறுமி ஒருத்தியைச் சிறைப்பிடித்து, பாலியல் கொடுமை செய்யும் நடுத்தர வயது ஆணின் கதை. அதுவும் குற்றவாளியே தன் வாயால், அழகழகான மொழியில், தன்னை நியாயப்படுத்திக்கொண்டு சொல்கிற கதை. அந்த அழகுக்குப் பின்னால் இருக்கும் கொடூரத்தை வாசகர் கண்டுபிடிக்க வேண்டும். சிறுமியின் பெயர் டோலரஸ். 'லோலிடா' என்பது அவன் வைத்த பெயர். பிற்காலத்தில் அந்தப் பெயரை ஏதோ கவர்ச்சிச் சொல்லாக்கிவிட்ட விளம்பரங்களும் அட்டைப்படங்களும் நாவலைத் தலைகீழாகப் படித்தவை. அட்டையில் சிறுமியின் படம் வேண்டவே வேண்டாம் என்று நபகோவ் தன் அமெரிக்கப் பதிப்பாளரிடம் முதலிலேயே கறாராகச் சொல்லியிருந்தார்.

எழுதும்போதே இது தேறாது என்று நபகோவ் ஒருமுறை காகிதங்களை எரிக்கக் கொண்டுபோனார். வேரா தடுத்துவிட்டார். 1953 டிசம்பரில் நாவல் முடிந்தது.

அப்புறம் ஆரம்பித்தது அலைச்சல். இப்படிப்பட்ட பிரதியைத் தபாலில் அனுப்பவே தயக்கம். ஆபாச நூல்களைத் தபாலில் அனுப்புவது அமெரிக்காவில் குற்றம். வேரா நியூயார்க்குக்கு நேரில் எடுத்துப்போனார். வைக்கிங், சைமன் அண்ட் ஷுஸ்டர், நியூ டைரக்‌ஷன்ஸ், ஃபரார் ஸ்ட்ராஸ், டபுள்டே. ஒவ்வொரு இடத்திலும் ஒரு காரணம். சிறுமியைச் சிறுவனாக மாற்றிவிடலாமே என்றுகூட ஒருவர் யோசனை சொன்னதாக நபகோவ் பின்னாளில் எழுதினார்.

பதிப்பாளர்களைக் கோழைகள் என்று இன்று சொல்லிவிடுவது சுலபம். டபுள்டேயின் நிலைமையைப் பாருங்கள். நபகோவின் நண்பர் எட்மண்ட் வில்சன் எழுதிய ஒரு கதைத் தொகுப்பை 1946-ல் அதே நிறுவனம்தான் வெளியிட்டது. ஆபாச வழக்கு வந்தது, நிறுவனம் தோற்றது. உச்ச நீதிமன்றம் வரை போனார்கள். 1948-ல் நீதிபதிகள் 4-க்கு 4 என்று பிரிந்ததால் பழைய தண்டனையே நின்றது. ஒருமுறை சூடுபட்டவர்கள். 'லோலிடா'வைப் படித்த அங்கிருந்த இளம் பதிப்பாசிரியருக்குப் பிடித்திருந்தது, தலைமைக்குத் துணிச்சல் வரவில்லை. இன்னொரு தடையும் இருந்தது. எழுதியவர் பெயரே இல்லாத புத்தகத்தை, இது இலக்கியம் என்று நீதிமன்றத்தில் எப்படி வாதாடுவது?

பாரிஸில் ஒரு பழைய தோழி

நியூயார்க் கதவுகள் மூடிக்கொண்டே வந்தபோது நபகோவுக்கு பாரிஸ் ஞாபகம் வந்தது. டூசியா எர்காஸ் என்ற பெண், 1930-களிலேயே அவருக்குப் பிரெஞ்சு ஏஜென்டாக இருந்தவர். ஐரோப்பாவில் யாராவது இதை ஆங்கிலத்திலேயே வெளியிடுவார்களா என்று கேட்டு எழுதினார்.

அந்தக் கேள்வியில் ஒரு கணக்கு இருந்தது. பிரான்ஸில் ஆங்கிலப் புத்தகம் அச்சிட்டால் உள்ளூர் மக்கள் பெரும்பாலும் படிக்கப்போவதில்லை. அதனால் பிரெஞ்சு அதிகாரிகள் அதிகம் கண்டுகொள்வதில்லை. பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் அச்சிட முடியாத நூல்கள் பாரிஸில் அச்சாகி, சுற்றுலாப் பயணிகளின் பெட்டியில் ஒளிந்து கடல் தாண்டும். ஜேம்ஸ் ஜாய்ஸின் 'யுலிசஸ்' 1922-ல் இந்த வழியில்தான் வந்தது.

1955-ல் எர்காஸ் பிரதியை மொரிஸ் ஜிரோடியாஸ் என்பவரிடம் கொடுத்தார். ஜிரோடியாஸ் விசித்திரமான ஆள். முன்பு தரமான கலை நூல்கள் வெளியிட்ட நிறுவனத்தைத் தொடங்கியவர். 1953 முதல் 'ஒலிம்பியா பிரஸ்' நடத்திவந்தார். அதன் பட்டியலில் சாமுவேல் பெக்கெட்டும் இருந்தார். அவருக்குப் பக்கத்திலேயே, சுற்றுலாப் பயணிகளுக்காக ஆர்டர் கொடுத்து எழுதி வாங்கிய, பச்சை அட்டை போட்ட பச்சையான புத்தகங்களும் இருந்தன. வியாபாரத்தைத் தாங்கியது இந்த இரண்டாம் வகை. எர்காஸின் சிபாரிசுக் கடிதத்தில் முன்னது தெரிந்தது. பின்னது எந்த அளவுக்கு இருந்தது என்பது தனக்கு அப்போது தெரியாது என்று நபகோவ் கடைசிவரை சொன்னார்.

ஜிரோடியாஸ் ஒரு நிபந்தனை வைத்தார். நூலில் எழுத்தாளரின் உண்மைப் பெயர் வர வேண்டும். ஐந்து மறுப்புகளுக்குப் பிறகு நபகோவ் அதற்கும் சரி என்றார். 1955 ஜூனில் ஒப்பந்தம் கையெழுத்தானது. செப்டம்பரில் இரண்டு தொகுதிகளாக, அதே பச்சை அட்டையில், 5,000 பிரதிகள் வெளிவந்தன.

ஏஜென்ட் ஏமாற்றிவிட்டாரா? அப்படிச் சொல்வது நியாயமாகாது. உலகத்திலேயே திறந்திருந்த ஒரே கதவை அவர் காட்டினார். அந்தக் கதவுக்குப் பின்னால் இருந்த ஒப்பந்தத்தை நியூயார்க் வழக்கறிஞர் ஒருவரிடம் காட்டாமல் கையெழுத்து போட்டதுதான் கோளாறு.

ஒரு வரியும் 1,500 பிரதிகளும்

ஒப்பந்தப்படி ஆங்கில உரிமை ஒலிம்பியாவிடம் போயிருந்தது. அதாவது நாளைக்கே அமெரிக்காவில் ஒருவர் வெளியிட விரும்பினாலும் ஜிரோடியாஸுக்குப் பங்கு கொடுத்தாக வேண்டும். இதோடு போகவில்லை. புத்தகம் கைக்கு வந்தபோது காப்புரிமைப் பக்கத்தில் நபகோவ் பெயருக்குப் பக்கத்தில் ஒலிம்பியா பிரஸ் பெயரும் அச்சாகியிருந்தது. காப்புரிமை எழுத்தாளர் பெயரில் மட்டும் இருக்கும் என்பதுதான் பேச்சு. ஒரே ஒரு வரி. ஆனால், அந்த வரி இருக்கும்வரை அமெரிக்கப் பதிப்புக்கு ஜிரோடியாஸ் எழுதிக் கொடுத்தாக வேண்டும்.

அதைவிடப் பெரிய ஆபத்து அமெரிக்கச் சட்டத்தில் இருந்தது. உள்நாட்டு அச்சுத் தொழிலைக் காப்பதற்காக அங்கே ஒரு விதி. வெளிநாட்டில் அச்சான ஆங்கிலப் புத்தகத்துக்குத் தற்காலிகக் காப்புரிமை மட்டும்தான். ஐந்து ஆண்டுகளுக்குள் அமெரிக்காவிலேயே அச்சிட்டு வெளியிட வேண்டும். அதற்குள் இறக்குமதியாகும் பிரதிகள் 1,500-ஐத் தாண்டக் கூடாது. தாண்டினால் அந்த நாட்டில் காப்புரிமையே கேள்விக்குறி. யார் வேண்டுமானாலும் அச்சடித்து விற்கலாம், எழுதியவருக்கு ஒரு காசு வராது.

யோசித்துப் பாருங்கள். புத்தகம் பிரபலமாகப் பிரபலமாக, பயணிகள் அமெரிக்காவுக்கு எடுத்துவரும் பிரதிகள் கூடிக்கொண்டே போகும். புகழ் ஏற ஏற சொத்து கைநழுவும் நிலைமை. இன்று அந்த விதி இல்லை. ஆனால், எந்த நாட்டில் முதலில் வெளியிடுகிறோம் என்பது எழுத்தாளரின் தலையெழுத்தை மாற்றிய காலம் ஒன்று இருந்தது.

பணமும் நேரத்துக்கு வரவில்லை. விற்பனைக் கணக்கு கேட்டுக் கடிதத்துக்கு மேல் கடிதம் போனது. 1957-ல், ஒப்பந்தத்தை மீறியதால் அது ரத்து என்று நபகோவ் அறிவித்தார். ஜிரோடியாஸ் ஏற்கவில்லை. அந்த இழுபறி பல ஆண்டுகள் நீண்டது.

ஒரு பாராட்டு, ஒரு வசை, ஒரு தடை

முதல் சில மாதங்கள் புத்தகத்தை யாரும் கண்டுகொள்ளவில்லை. 1955 கிறிஸ்துமஸ் சமயத்தில் லண்டனின் 'சண்டே டைம்ஸ்', அந்த ஆண்டின் சிறந்த நூல்கள் எவை என்று எழுத்தாளர்களிடம் கேட்டது. கிரஹாம் கிரீன் சொன்ன மூன்றில் ஒன்று 'லோலிடா'. லண்டனில் கிடைக்கவே கிடைக்காத புத்தகம்! ஆர்.கே.நாராயணின் முதல் நாவலுக்கு லண்டனில் பதிப்பகம் பிடித்துக் கொடுத்தவரும் இதே கிரீன்தான்.

'சண்டே எக்ஸ்பிரஸ்' பத்திரிகையாசிரியர் ஜான் கார்டன் பிரதியை வரவழைத்துப் படித்துவிட்டுக் கொதித்தெழுந்து ஒரு கட்டுரை எழுதினார். அவ்வளவுதான், ஊரே புத்தகத்தைத் தேடத் தொடங்கியது. பிரிட்டன் அரசு பாரிஸுக்கு அழுத்தம் கொடுத்தது. 1956 டிசம்பரில் பிரான்ஸ், ஒலிம்பியாவின் 25 நூல்களுக்குத் தடை போட்டது, 'லோலிடா'வும் சேர்த்து. ஆனால் அமெரிக்காவில்? சுங்க அதிகாரிகள் சில பிரதிகளைப் பிடித்துப் படித்துப் பார்த்துவிட்டு, பரவாயில்லை என்று விடுவித்துவிட்டார்கள். எந்த நாட்டில் வெளியிட முடியாது என்று பயந்து ஓடினாரோ அங்கே அனுமதி, எங்கே சுதந்திரம் என்று ஓடினாரோ அங்கே தடை.

1957 ஜூனில் இன்னொரு திருப்பம். ராத் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், சமூக மதிப்பு எதுவுமே இல்லாததுதான் ஆபாசம் என்ற திசையில் எல்லையைச் சுருக்கியது. பதிப்பாளர்களுக்கு மூச்சு வந்தது. அந்த ஆகஸ்ட்டில் 'புட்னம்' பதிப்பகத்தின் வால்டர் மிண்டனிடமிருந்து நபகோவுக்குக் கடிதம் வந்தது. மிண்டனுக்குப் புத்தகத்தை அறிமுகப்படுத்தியவர் ஏஜென்ட் இல்லை, விமர்சகரும் இல்லை. நியூயார்க் நைட் கிளப் ஒன்றின் நடனப் பெண். அவர் வீட்டில்தான் பச்சை அட்டைப் பிரதியை மிண்டன் பார்த்தார். கண்டுபிடித்துக் கொடுத்ததற்காக அந்தப் பெண்ணுக்குப் பதிப்பகம் பங்கும் கொடுத்தது.

ஜிரோடியாஸ் முதலில் பெரும் பங்கு கேட்டு முறுக்கினார். காப்புரிமை கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. மிண்டன் நிதானமாக இருவரிடமும் தனித்தனியே பேசி, ராயல்டியை இருவருக்கும் பிரிக்கும் ஒரு டீலை முடித்தார். 1958 ஆகஸ்ட் 18-ல் அமெரிக்கப் பதிப்பு வந்தது. படமாக்கும் உரிமை 1,50,000 டாலருக்குப் போனது. அடுத்த ஆண்டே நபகோவ் பேராசிரியர் வேலையை விட்டார். எந்தப் புத்தகத்தால் வேலை போய்விடும் என்று பயந்தாரோ அந்தப் புத்தகம், வேலையே தேவையில்லாமல் செய்துவிட்டது.

லண்டனில் ஓர் எம்.பி., டெல்லியில் ஒரு பிரதமர்

பிரிட்டனுக்கு இன்னும் ஓராண்டு ஆனது. வைடன்ஃபெல்ட் அண்ட் நிக்கல்சன் பதிப்பகம், இலக்கியத் தரத்தைக் காரணம் காட்டி வாதாட வழிசெய்யும் புதிய சட்டம் வரும்வரை காத்திருந்தது. பங்குதாரர் நைஜல் நிக்கல்சன் கன்சர்வேடிவ் எம்.பி. சூயஸ் விவகாரத்தில் சொந்தக் கட்சியை எதிர்த்ததில் ஏற்கெனவே தொகுதியில் கோபம். 'லோலிடா'வும் சேர்ந்துகொள்ள, கட்சிக்காரர்கள் அவரைக் கைவிட்டார்கள். எம்.பி. பதவி போனது, 1959 நவம்பரில் புத்தகம் வந்தது. அரசு வழக்கு போடவில்லை.

அதே 1959-ல் இந்தியாவுக்கு வந்த பிரதிகளையும் சுங்கத்துறை நிறுத்திவைத்தது. நிதியமைச்சர் மொரார்ஜி தேசாய் அனுமதிக்கக் கூடாது என்றார். விஷயம் நேருவிடம் போனது. நேரு விட்டுவிடச் சொன்னார்.

கடிதங்களுக்குப் பின்னால் இருந்தவர்

இந்த நாடுகளோடெல்லாம் பேசிக்கொண்டிருந்தது யார் என்று பார்த்தால், பெரும்பாலும் வேராதான். கணவரின் எழுத்தைத் தட்டச்சு செய்தவர், மொழிபெயர்ப்புகளைச் சரிபார்த்தவர், ஒப்பந்தங்களை வரி வரியாகப் படித்தவர். பதிப்பாளர்களுக்கும் ஏஜென்ட்களுக்கும் போன கடிதங்களில் பெரும் பகுதி அவருடைய கையெழுத்தோடு போனவை. 1961-லிருந்து இருவரும் சுவிட்சர்லாந்தின் மோன்ட்ரோ நகரில் ஒரு ஹோட்டலில் வாழ்ந்தார்கள். வீடு வாங்கவே இல்லை. 1967-ல் அமெரிக்கப் பதிப்பகத்தை மாற்றும் பேச்சுவார்த்தைக்காக நியூயார்க்குக்கு விமானமேறியதும் வேராதான், நபகோவ் அல்ல. பாரிஸில் போட்ட அந்த ஒரு கையெழுத்துக்குப் பிறகு எந்தத் தாளும் அவர் கண்ணைத் தாண்டிப் போகவில்லை.

ஜிரோடியாஸோடு மட்டும் சண்டை ஓயவில்லை. 1959-ல் பாரிஸில் நடந்த ஒரு விருந்தில் தாங்கள் சந்தித்ததாக ஜிரோடியாஸ் எழுதினார். அப்படி ஒருவரைச் சந்தித்த நினைவே இல்லை என்று நபகோவ் மறுத்து எழுதினார். ஒரே புத்தகத்தால் இருவரும் பிரபலமாகி, முகம் பார்த்துக்கொண்டார்களா இல்லையா என்பதுகூட வழக்காகிவிட்டது.

நபகோவ் தானே 'லோலிடா'வை ரஷ்யனில் மொழிபெயர்த்தார். வேறு யாராவது செய்து கெடுத்துவிடக் கூடாது என்ற அதே பழைய லண்டன் பயம். அதுவும் 1967-ல் நியூயார்க்கில்தான் அச்சானது. சோவியத் யூனியனில் அந்த நாவல் முதன்முதலாக 1989-ல் வெளியானபோது அவர் உயிரோடு இல்லை. 1977 ஜூலை 2-ல் லொசான் மருத்துவமனையில் இறந்துபோயிருந்தார்.

இறக்கும்போது ஒரு நாவல் பாதியில் நின்றிருந்தது. 138 அட்டைகள். முடிக்காமல் போய்விட்டால் எரித்துவிட வேண்டும் என்று சொல்லியிருந்தார். வேராவுக்கு இந்த முறையும் எரிக்க மனம் வரவில்லை. அவர் 1991-ல் இறந்த பிறகு அட்டைகள் மகன் திமித்ரியின் பொறுப்புக்கு வந்தன. அவை சுவிஸ் வங்கிப் பெட்டகம் ஒன்றில் கிடந்தன. திமித்ரி பல வருடங்கள் யோசித்துவிட்டு, 2009 நவம்பரில் 'தி ஒரிஜினல் ஆஃப் லாரா' என்ற பெயரில் அதை வெளியிட்டார். பிரிட்டனுக்கு ஒரு பதிப்பகம், அமெரிக்காவுக்கு வேறொரு பதிப்பகம். இரண்டு நாடுகளிலும் ஒரே சமயத்தில்.